கடல் நாள்: கல்லடியில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிட்னியில் இருக்கும் மகள் என்னையும் இவரையும் கப்பலில் கூட்டிக்கொண்டு போனாள். சிட்னியில் ஏறினோம், பிஜியின் சுவாவில் ஒரு பகல் இறங்கினோம், ஹவாயின் ஹொனலுலுவில் முடித்தோம். ஞாயிறு மாலை ஏறி அடுத்த வாரம் புதன் காலை இறங்கியது. கலண்டரில் எண்ணினால் பத்து இரவு. நாங்கள் படுத்தெழும்பியது பதினொரு இரவு. அது எப்படி என்று கீழே வருகிறது. அதில் ஒன்பது பகல் கரையே கிடையாது.

ஊருக்கு, மட்டக்களப்புக் கல்லடிக்கு, வந்த நாளிலிருந்து மாமாங்கம் கோயிலிலும் கல்யாண வீட்டிலும் மீன் வாங்கும் இடத்திலும் ஒரே கேள்விகள். முப்பது வருசம் புவியியல் படிப்பித்தவள் வாய் திறந்தால் நீளும் என்று எல்லாருக்கும் தெரியும், இருந்தாலும் கேட்கிறார்கள். அதனால் எழுதி வைக்கிறேன். துறைமுகங்களில் என்ன பார்த்தோம் என்பது இதில் இல்லை, அதற்குப் போட்டோ இருக்கிறது. இது கடல் நாட்களைப் பற்றி மட்டும்.

கடல் நாள் என்றால் என்ன?

கப்பல் எந்தத் துறைக்கும் போகாமல் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும் நாள். வேகம் மணிக்கு 18 முதல் 20 கடல்மைல், அதாவது 35 கிலோமீற்றர் அளவில். தரிப்பிடங்களில் நிற்பதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் கல்முனை பஸ்ஸின் வேகம்தான். ஆனால் பஸ் இரவில் படுத்துவிடும், கப்பல் படுக்காது. ஒரு நாளில் 800 கி.மீ. தாண்டிவிடும். சுவாவிலிருந்து ஹொனலுலு ஏறத்தாழ 5,100 கி.மீ. எங்களுக்கு நடுவில் ஆறு பகல் போனது அதனால்தான்.

அவுஸ்திரேலியாவில் கோடை முடிந்ததும் சில கப்பல்கள் அலாஸ்காப் பக்கம் ஓடுவதற்காக ஏப்ரல், மே மாதங்களில் பசுபிக்கைக் கடக்கின்றன. ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் கப்பல் அந்தப் பக்கம் போய்ச் சேரத்தான் வேண்டும். ஆகவே ஒரு நாளுக்கு எவ்வளவு என்று பார்த்தால் இந்த ரிக்கெற் மலிவாக அகப்படுவதுண்டு. மகள் எங்களைப் பிடித்து ஏற்றியதும் அப்படி ஒன்றில்.

நாள் முழுக்க என்ன செய்வது? அலுக்காதா?

“என்னகா ரீச்சர், நாள் முழுக்கத் தண்ணியப் பார்த்துக்கொண்டா இருந்தீங்க?” எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். ஓம் என்று சொன்னால் நம்புவதில்லை.

முதல் கடல் நாளில் நானும் நம்பவில்லை. முந்தின இரவே அடுத்த நாள் நிகழ்ச்சித் தாளைக் கதவில் செருகியிருந்தார்கள். காலை ஏழு மணியிலிருந்து நடுச்சாமம் வரை இரண்டு பக்கம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சிவப்புப் பேனையால் கோடு கீறி அதை நேரசூசி ஆக்கினேன். ஏழரைக்கு உடற்பயிற்சி. ஒன்பதுக்குத் திமிங்கிலம் பற்றி விரிவுரை. பத்தரைக்குத் துவாயை அன்னம் மாதிரி மடிக்கிற வகுப்பு. பிறகு பொது அறிவுப் போட்டி, சமையல்காரர் காட்டும் செய்முறை, நடன வகுப்பு, தேநீர் விருந்து. இவரையும் இழுத்துக்கொண்டு மாடிக்கு மாடி ஓடினேன். பின்னேரம் லிப்டுக்குக் காத்து நிற்கும்போது இவர் சொன்னார்: “பென்சன் எடுத்த பிறகும் மணி அடிக்குது.” இரவு காலை நீட்டிப் படுத்த பிறகுதான் அன்றைக்குக் கடலை ஒருதரமும் நின்று பார்க்கவில்லை என்பது உறைத்தது.

அடுத்த நாள் தாளை மடித்து வைத்துவிட்டேன். (அன்னமாக அல்ல.)

எங்களுக்கு ஒத்துவந்த நாள் வேறு மாதிரி. விடியக்காலம் தேத்தண்ணியோடு வெளித்தளத்துக்குப் போவோம். அந்த நேரத்தில் வேலையாட்கள் கைப்பிடிக் கம்பிகளில் இரவு படிந்த உப்பைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். கையை வைத்தால் பிசுபிசுக்கும், விரலை நக்கினால் கரிக்கும். கப்பலைச் சுற்றிவர நடக்கிற தளத்தில் எத்தனை சுற்று ஒரு மைல் என்று பலகையில் போட்டிருக்கும். நாங்கள் நாலு சுற்று. பிறகு சாப்பாடு, பிறகு கதிரை, பிறகு புத்தகம் மடியில் கிடக்க நித்திரை.

பன்னிரண்டு மணிக்குக் கப்டனின் குரல் ஒலிபெருக்கியில் வரும். எந்த அகலக்கோடு, எந்த நெடுங்கோடு, காற்று எங்கிருந்து, கீழே எவ்வளவு ஆழம். இவர் அதற்கென்றே ஒரு கொப்பி வைத்திருந்தார். ஒருநாள் ஆழம் 5,300 மீற்றர் என்று வந்தது. பிதுருதலாகலை 2,524 மீற்றர். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பிதுருதலாகலையை அந்த இடத்தில் இறக்கினாலும் நுனி வெளியே தெரியாது. அதைச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம்.

நான் சொல்வது, நிகழ்ச்சித் தாளில் ஒரு நாளைக்கு ஒன்று எடுங்கள். ஒன்றுமே எடுக்காவிட்டாலும் யாரும் வரவு பதிவதில்லை.

இது எளிது என்று நினைக்கவேண்டாம். சும்மா இருக்க எங்கள் ஆட்களுக்குத் தெரியாது, பெண்களுக்குச் சுத்தமாகத் தெரியாது. நான் முதல் இரண்டு நாளும் கட்டில் விரிப்பை நானே சரிசெய்தேன். கபினைப் பார்க்கிற பிலிப்பைன்ஸ் தம்பி வந்து அதைக் கழற்றி மறுபடி விரித்தார். மூன்றாம் நாள் விட்டுவிட்டேன். விட்ட அன்றைக்குத்தான் எனக்குக் கடல் நாள் தொடங்கியது என்று சொல்லலாம்.

சாய்மனைக் கதிரைக்குச் சண்டை பிடிக்கிறார்களாமே?

உண்மை. விடிய ஆறு மணிக்கே நீச்சல் தடாகத்தைச் சுற்றியுள்ள கதிரைகளில் துவாயும் ஒரு செருப்பும் கிடக்கும், ஆள் பத்து மணிக்குத்தான் வருவார். அரை மணித்தியாலம் ஆள் இல்லாவிட்டால் எடுத்துவிடுவோம் என்று எங்கள் கப்பலில் அறிவித்தல் தொங்கியது. எடுத்ததை நான் காணவில்லை. தடாகத்தை விட்டுவிட்டுச் சுற்றுத் தளத்துக்குப் போங்கள். அங்கே சத்தமும் இல்லை, சண்டையும் இல்லை.

எந்தப் பக்கம் நிழல் என்பதை மட்டும் யோசித்து உட்காருங்கள். மே மாதத்தில் சூரியன் வடக்கே தள்ளி நிற்கும், எங்கள் கப்பல் வடகிழக்கே போனது. ஆகவே வலப்பக்கம்தான் பெரும்பாலும் நிழல். இதைக் கண்டுபிடித்துச் சொன்னதில் பக்கத்து அவுஸ்திரேலியக் கிழவர் எனக்கு ஐஸ்கிறீம் எடுத்து வந்து தந்தார்.

கல்லடியில் இல்லாத கடலா? இதுக்கு இவ்வளவு காசா?

கேட்டவர் என் மச்சாள். நியாயமான கேள்வி.

கல்லடியில் எங்களுக்குக் கடல் ஒரு பக்கம்தான். முதுகுக்குப் பின்னால் வாவியும் வீடும் கொதிக்கிற உலையும் இருக்கிறது. மணலில் நிற்கிற ஆளின் கண்ணுக்கு அடிவானம் நாலரைக் கிலோமீற்றரில் முடிந்துவிடும். கப்பலில் 25 மீற்றர் உயரத் தளத்தில் நின்றால் ஏறத்தாழ 18 கிலோமீற்றர், அதுவும் சுற்றிவர. நீங்கள் நடுவில் நிற்க வட்டம் உங்களோடு நகரும். எத்தனை நாள் ஓடினாலும் வட்டத்தின் நடுவில்தான் நிற்கிறீர்கள். இதைக் கரும்பலகையில் கவராயத்தால் கீறிக் காட்டியிருக்கிறேன், ஆனால் கீறியவளுக்கே விளங்கியது அறுபது வயதுக்குப் பிறகுதான்.

இன்னொரு கணக்கு. கல்லடிக் கரையிலிருந்து கிழக்கே போனால் அடுத்த தரை நிக்கோபார் தீவுகள், ஏறத்தாழ 1,300 கி.மீ. எங்கள் கப்பலின் வேகத்தில் அது ஒன்றரை நாள். சுவாவுக்கும் ஹொனலுலுவுக்கும் நடுவே அப்படி நாலு கடலை அடுக்கலாம்.

இவருடைய தகப்பன் கரைவலை வைத்திருந்தவர். இரண்டாம் நாள் மாலை இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “எங்கட குடும்பத்தில வலை இல்லாமக் கடலுக்கு வந்த முதல் ஆள் நான்தான்.” காசு எவ்வளவு என்று மச்சாளுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்திலிருந்து ஏற முடியாதா?

முடியாது. மட்டக்களப்பில் பெரிய கப்பல் வரும் துறை இல்லை. அம்பாறை மாவட்டத்தில் ஒலுவில் துறைமுகம் கட்டினார்கள், வாயை மண் மூடியது. உல்லாசக் கப்பல்கள் வருவது கொழும்பு, அம்பாந்தோட்டை, திருகோணமலைக்கு. 2023இல் சென்னையிலிருந்து ஒரு கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று சுற்றியது. அதுபோன்றவை சில நாள் பயணங்கள். நான் சொல்கிற நீண்ட கடல் நாட்களுக்கு சிட்னி, சிங்கப்பூர், சவுத்தாம்ப்டன் மாதிரி இடத்துக்குப் பறந்து போய்த்தான் ஏறவேண்டும்.

தலைசுற்று, வாந்தி வருமா?

எனக்கு வந்தது. சிட்னித் துறைமுகத்தின் வாயைத் தாண்டியதும் தாஸ்மன் கடல். மகள் மாத்திரை தந்தாள். “எனக்கென்னத்துக்கு, கடற்கரையில பிறந்தவள்” என்று கைப்பைக்குள் போட்டேன். இரவு பதினொரு மணிக்கு வயிறு புரண்டபோது எடுத்து விழுங்கினேன், அது போன வேகத்தில் திரும்பி வந்தது. குலுங்கத் தொடங்குவதற்கு முன்னரே எடுக்கவேண்டிய மாத்திரை அது. நித்திரை வரப்பண்ணும். கண்ணில் அழுத்த நோய் உள்ளவர்கள், சலம் போவதில் கரைச்சல் உள்ள வயதான ஆண்கள் டொக்டரைக் கேட்காமல் எடுக்கக்கூடாது.

மற்றபடி கட்டிலில் சுருண்டு கிடப்பதை விட வெளியே போய் அடிவானத்தைப் பார்ப்பது நல்லது. இஞ்சித் துண்டு, பச்சை அப்பிள், காய்ந்த பிஸ்கற் வயிற்றில் நிற்கும். வெறும் வயிறு கூடாது. கபின் எடுக்கும்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ் மாடியில் எடுங்கள். ஊஞ்சல் பலகையின் நடுவில் இருப்பவருக்கும் நுனியில் இருப்பவருக்கும் உள்ள வித்தியாசம்தான். மேல் மாடியிலும் மூக்குப் பக்கத்திலும் ஆட்டம் கூட. பெரிய கப்பல்களுக்குத் தண்ணீருக்குள் இரண்டு பக்கமும் செட்டை மாதிரி ஒன்று விரியும், பக்கவாட்டு ஆட்டத்தை அது குறைக்கும். மூன்றாம் நாள் எனக்குக் கப்பல் ஆடுவது மறந்துபோனது.

சோறு கிடைக்குமா?

கிடைக்கும். மூன்று வேளையும் பஃபே உண்டு, அதில் சோறும் ஏதோ ஓர் இந்தியக் கறியும் இருக்கும். கறி எல்லாம் ஒரே நிறம், ஒரே ருசி. சம்பல் இல்லை. யோகட்டைக் கண்டு எங்கள் எருமைத் தயிரை நினைக்கவேண்டாம்.

ஆனால் கேட்டால் செய்து தருவார்கள். மேசையில் இருந்து சாப்பிடும் பெரிய மண்டபத்தில் தலைமைப் பரிசாரகரிடம் முந்தின இரவே சொல்லிவிட வேண்டும். சமையலறையில் கோவாக்காரர் ஒருவர் இருந்தார். அவரிடம் சொதி கேட்டேன். பெயர் விளங்கவில்லை. தேங்காய்ப்பால், மஞ்சள், பச்சை மிளகாய், வெங்காயம், பால் விட்ட பிறகு திரைய விடவேண்டாம், இறக்கித் தேசிக்காய் என்று மகள் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தாள். அடுத்த நாள் இரவு ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் மூடியோடு வந்தது. உப்புக் குறைவு, தேசிக்காய் கூட. ஆனாலும் சொதி. பசுபிக் நடுவில் இடியப்பம் இல்லாமல் பாணைத் தொட்டுச் சாப்பிட்டோம்.

பஃபேக்குப் போகுமுன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். வாசலில் தெளிக்கிற மருந்து மட்டும் போதாது, கப்பல்களில் பரவுகிற வயிற்றோட்டக் கிருமிக்கு அது சரியாக வேலை செய்யாது. துறையில் இறங்கும்போது பழம் ஒன்றும் கொண்டுபோகக்கூடாது. ஒரு தோடம்பழத்துக்கு ஹவாயில் பெரிய விசாரணை நடக்கும்.

ஒரே வெள்ளிக்கிழமை இரண்டு தரம் வந்ததாமே?

வந்தது. இந்தக் கதை எனக்கு முன்னரே ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது.

சூரியனை நோக்கிக் கிழக்கே போனால் 15 பாகை நெடுங்கோட்டுக்கு ஒரு மணித்தியாலம் மணிக்கூட்டை முன்னே தள்ளவேண்டும். அதனால் சில கடல் நாட்களுக்கு 23 மணித்தியாலம்தான். மேற்கே போகிற கப்பலில் 25 கிடைக்கும், நித்திரைப் பிரியர்கள் மேற்கே போகிற பயணத்தைத் தேடி எடுப்பார்கள். இப்படித் தள்ளித் தள்ளிப் போனால் கணக்கு எங்கோ ஓர் இடத்தில் உதைக்கவேண்டும், அந்த இடம்தான் சர்வதேச திகதிக் கோடு. பசுபிக்கில் 180 பாகையை ஒட்டி ஓடுகிறது. கிழக்கே கடந்தால் ஒரு நாள் மறுபடி வரும், மேற்கே கடந்தால் ஒரு நாள் காணாமல் போகும். சுவா 178 பாகையில் இருப்பதால் வியாழன் மாலை புறப்பட்ட நாங்கள் வெள்ளி விடியக்காலமே கோட்டைத் தாண்டிவிட்டோம். கப்பல் வெள்ளிக்கிழமையை இரண்டாக்கியது.

நான் வெள்ளி மரக்கறி. அது அம்மா காலத்திலிருந்து. இவரும் வீட்டில் என் காரணமாக மரக்கறி. முதல் வெள்ளி ஒழுங்காகப் போனது. அடுத்த நாள் காலை லிப்டில் கால் வைத்தால் தரையில் போடுகிற பாயில், தினமும் மாற்றுவார்கள், மறுபடி “வெள்ளி” என்று கிடக்கிறது. மத்தியானம் நல்ல பாரை மீன் பொரித்து வைத்திருந்தார்கள்.

“நேத்துத்தானே வெள்ளி? இண்டைக்கு என்ன?”
“கப்பல்ல வெள்ளி.”
“ஊரில இப்ப சனி விடிஞ்சிட்டு. நான் மட்டக்களப்பான். எனக்குச் சனி.”

கணக்கு சரி. கப்பலின் இரண்டாம் வெள்ளி மத்தியானம் எங்கள் ஊரில் சனி விடியக்காலம். எத்தனை வருசம் திகதிக் கோடு படிப்பித்தேன், ஒரு பிள்ளையும் இப்படி மடக்கவில்லை. இவர் மீன் சாப்பிட்டார். நான் இரண்டு வெள்ளியும் மரக்கறி. யார் சரி என்று மாமாங்கத்தில் ஐயரைக் கேட்டேன், சிரித்துவிட்டு விபூதி தந்தார்.

ஹலால், தொழுகை எப்படி?

காத்தான்குடியில் இருக்கும் பழைய மாணவி கேட்டாள். ஹலால் இறைச்சி எல்லாக் கப்பலிலும் இருக்காது. ரிக்கெற் எடுக்கும்போதே எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். இல்லாவிட்டால் மீனும் மரக்கறியும் தாராளம், சமைத்த எண்ணெயையும் வைனையும் பற்றிப் பரிசாரகரிடம் கேட்கத் தயங்கவேண்டாம்.

தொழும்போது நோக்கும் திசையான கிப்லாவைப் பற்றி ஒரு சுவையான விசயம். சுவாவில் கிப்லா மேற்கே, கொஞ்சம் வடக்குச் சாய்ந்து. ஹொனலுலு போகும்போது அது வடக்கே, கொஞ்சம் மேற்குச் சாய்ந்து திரும்பிவிடும். பூமியில் மக்காவுக்கு நேர் எதிர்ப்புள்ளி பசுபிக்கில், பிரெஞ்சுத் தீவுகள் பக்கம் இருப்பதால் அந்தக் கடலில் திசை நாளுக்கு நாள் நகரும். கபின் ரீவியில் கப்பலின் இடமும் போகிற திசையும் எப்போதும் தெரியும், அதை வைத்துப் பார்க்கலாம்.

கபினில் விளக்கு ஏற்றலாமா?

கூடாது. விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி, மெழுகுதிரி ஒன்றும் கூடாது. கப்பலில் நெருப்புத்தான் பெரிய பயம். ஸ்திரிக்கையும் கேத்தலும் கொண்டுபோனால் ஏறும்போதே எடுத்து வைத்துவிடுவார்கள். எங்கள் கபினில் அவர்களே கேத்தல் வைத்திருந்தார்கள், எல்லாக் கப்பலிலும் அப்படி இல்லை. நான் பற்றரியில் எரியும் சின்ன விளக்கைப் பிள்ளையார் படத்துக்கு முன் வைத்தேன்.

கழிவறையில் தண்ணீர்?

கடதாசிதான். சின்னப் போத்தல் ஒன்று கொண்டுபோங்கள். மேலே சொல்லத் தேவையில்லை.

போன், வட்ஸ்அப்?

கப்பல் ஏறியதும் போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். நடுக்கடலிலும் போனில் கோடு காட்டும், அது செய்மதி வழியாக வருகிற கப்பல் வலையமைப்பு. ஒரு அழைப்பை எடுத்தால் மாத பில் கண்ணில் தண்ணீர் வரவைக்கும். வைஃபை நாள் கணக்கில் விலைக்கு உண்டு. மகள் ஒரு போனுக்கு மட்டும் எடுத்தாள், அதில் மாலையில் ஒருதரம் ஊரோடு பேசினோம். “கடலைக் காட்டுங்க மாமி” என்றார்கள், காட்டினேன், “இதென்ன, நீலமா ஒரு படம்தானே” என்றார்கள்.

கடல் நாளில் செலவு கூடுமா?

கூடும். கடல் நாள் கடைக்காரருக்குச் சந்தை நாள். துறையில் நிற்கும்போது கப்பலின் சூதாட்ட மண்டபமும் தீர்வையற்ற கடைகளும் அந்தந்த நாட்டுச் சட்டத்தால் பெரும்பாலும் மூடியிருக்கும். வெளிக்கடலுக்கு வந்ததும் திறப்பார்கள். கையில் காசு வாங்கமாட்டார்கள், கபின் அட்டையைக் காட்டினால் போதும், அதுதான் ஆபத்து. பிங்கோ, போட்டோ, மசாஜ், நகை ஏலம் எல்லாம் சிரித்துக்கொண்டே வரும். சேவைக்கான கொடுப்பனவு என்று ஆளுக்கு ஒரு தொகை தினமும் கணக்கில் ஏறும் கப்பல்கள் பல, ரிக்கெற்றில் சேர்ந்ததா என்று முன்னரே பாருங்கள்.

கபின் மேசையில் அழகாக வைத்திருந்த தண்ணீர்ப் போத்தல்களை இவர் தினமும் ஒன்று குடித்தார். இறங்குகிற காலை பில்லில் பதினொரு போத்தல். கழுத்தில் விலைச்சீட்டு தொங்கியதாம், எழுத்து எறும்பு அளவு. குழாய்த் தண்ணீரே குடிக்கலாம், கடல்நீரை நன்னீராக்கித்தான் தருகிறார்கள்.

சாறி கட்டலாமா?

இரவில் கட்டுங்கள், எல்லாரும் நின்று பார்த்துப் புகழ்வார்கள். பகலில் வெளித்தளத்தில் வேண்டாம். பத்து ஊசி குத்தினாலும் காற்று பதினோராவது இடத்தைக் கண்டுபிடிக்கும். வழுக்காத செருப்பும் ஒரு ஸ்வெற்றரும் கட்டாயம்.

சுனாமி வந்தால்? கப்பல் தாழ்ந்தால்?

2004 டிசம்பர் 26க்குப் பிறகு பல வருசம் நான் கடலோரத்து நாவலடிப் பக்கம் கால் வைக்கவில்லை. அதனால் இதைக் கேட்பவர்களைப் பார்த்துச் சிரிக்கமாட்டேன். மகள் ரிக்கெற் எடுத்த அன்றே நானும் கேட்ட கேள்வி.

ஆழ்கடலில் சுனாமி அலையின் உயரம் பெரும்பாலும் ஒரு மீற்றருக்கும் குறைவு, ஆனால் நீளம் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர். அது கீழால் போகும்போது கப்பல் பல நிமிடங்களில் மெல்ல ஏறி இறங்கும், உள்ளே இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. கரை ஆழம் குறையக் குறையத்தான் அது எழும்புகிறது. அன்றைக்கு ஆபத்து இருந்தது கரையில் நின்ற எங்களுக்கு. புயல் என்றால் நாள் கணக்கில் முன்னரே தெரிந்து பாதையை மாற்றுவார்கள்.

கப்பல் தாழ்வது என்றால் மட்டக்களப்பாருக்கு 1942 ஏப்ரல் 9 யப்பானிய விமானங்கள் தாழ்த்திய பிரித்தானியப் போர்க்கப்பல் ஹேர்மிஸ்தான் நினைவு வரும், இன்னும் எங்கள் கடலடியில் கிடக்கிறது. அது யுத்தம். பயணக் கப்பலில் 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையில் கொஸ்ரா கொன்கோர்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு, புறப்படுமுன் அல்லது புறப்பட்ட உடனே எல்லாப் பயணிகளுக்கும் பாதுகாப்புப் பயிற்சி நடத்தவேண்டும் என்று விதி இறுகியது. ஏழு குறுகிய ஊதல், ஒரு நீண்ட ஊதல் கேட்டால் எங்கே போய் நிற்பது என்று காட்டுவார்கள். போட்டோ எடுப்பதை விட்டு அதைக் கவனியுங்கள்.

வயதானவர்கள், நோயாளிகள் போகலாமா?

போகலாம், விமானத்தை விடச் சுகம். லிப்ட் உண்டு, எல்லா வழியிலும் கைப்பிடி உண்டு, டொக்டர் உண்டு. டொக்டருக்குக் கட்டணம் கடுமை, பயணக் காப்புறுதி இல்லாமல் ஏறவேண்டாம். சீனி வருத்தம், பிறஷர் மருந்துகளைப் பயணத்துக்கு வேண்டியதை விட ஒரு வாரம் கூடுதலாக, கைப்பையில் கொண்டுபோங்கள். மணிக்கூடு மாறும்போது மருந்து நேரத்தை எப்படி மாற்றுவது என்று போகுமுன்னே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குளியலறை வாசலில் ஒரு சின்னப் படி இருக்கும், எங்கள் கப்பலில் அதில் தடுக்காத ஆளே இல்லை.

விசா?

இலங்கைக் கடவுச்சீட்டில் போகிறவர்கள் கப்பல் தொடுகிற ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாகப் பார்க்கவேண்டும். “நான் கப்பலை விட்டு இறங்கமாட்டேன்” என்பது பல இடங்களில் செல்லாது. தாள் சரியில்லாவிட்டால் ஏறவே விடமாட்டார்கள்.

நடுக்கடலில் பார்க்க ஏதும் இருக்கிறதா?

பகலில் பறவைக்கோலா, அதாவது பறக்கும் மீன். கப்பலின் மூக்கு கிழிக்கிற அலையிலிருந்து பத்து, இருபது சேர்ந்து கிளம்பி, வெள்ளித் தகடு எறிந்த மாதிரித் தண்ணீரை உரசிக்கொண்டு போகும். இவர் ஒவ்வொரு தரமும் “கோலா, கோலா” என்று கத்துவார். அந்தச் சொல் பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் தொற்றிவிட்டது.

சனிக்கிழமை பின்னேரம் மத்தியகோட்டைத் தாண்டினோம். கடல் தேவன் என்று தாடி வைத்த ஒருவர் திரிசூலத்தோடு வந்தார். திரிசூலத்தைக் கண்டதும் கை தன்பாட்டில் கன்னத்துக்குப் போனது. பிறகு பார்த்தால் ஆட்களை மாக்கரைசலில் முக்கி, செத்த மீனுக்கு முத்தம் கொடுக்க வைக்கிறார்கள். நான் பின்வரிசைக்கு நகர்ந்துவிட்டேன்.

இரவுதான் பெரிது. வெளித்தளத்தில் விளக்குக் குறைந்த மூலை ஒன்றைக் கண்டுபிடியுங்கள், வேலையாட்களைக் கேட்டால் காட்டுவார்கள். சிட்னியில் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்குக் கீழே, காணமுடியாது. மத்தியகோட்டைத் தாண்டி ஒவ்வொரு இரவும் அது ஏறி வரும், ஹொனலுலுவில் 21 பாகை உயரம். மறுபக்கத்தில் தென்சிலுவை இறங்கிக்கொண்டே போகும். கல்லடி 7 பாகை 43 கலை வடக்கில் இருப்பதால் எங்கள் ஊரில் துருவ நட்சத்திரம் தென்னைக்குள் மறைந்து கிடக்கிற சாமான். ஞாயிறு இரவு, மேகம் தொட்டும் தொடாமலும், அது கிட்டத்தட்ட ஊரில் நிற்கிற உயரத்தில் நின்றது. இவரை எழுப்பிக் கூட்டிவந்து காட்டினேன். “இதுக்கா எழுப்பினாய்” என்று கேட்டுவிட்டு ஒரு மணித்தியாலம் அங்கேயே நின்றார்.

இறங்கிய பிறகும் ஆடுமா?

ஆடும். ஹொனலுலுவில் கடவுச்சீட்டு வரிசையில் நின்றபோது சீமெந்துத் தரை மெல்ல ஏறி இறங்கியது, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டேன். வள்ளத்தில் வளர்ந்த உடம்பு, இவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு நாளில் நின்றுவிடும், வாரக்கணக்கில் நிற்காவிட்டால் டொக்டரிடம் போகவேண்டும். எனக்கு அடுத்த நாள் மாலைவரை, குளிக்கும்போது கண்ணை மூடினால் மட்டும் இருந்தது. சவர்க்காரம் போடும்போது மற்றக் கையால் சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.